எங்கள் குறிப்புகளைக் கையில் கொடுத்துவிட்டுத் தளத்தைத் தேர்ந்தெடுங்கள்: வாசகர் வட்ட நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். அடுத்த மாதம் முதல் நம் வட்டத்தின் புத்தகப் பட்டியல், வாசிப்புக் குறிப்புகள், கலந்துரையாடல்கள் அனைத்தும் புத்தக வாசகர்களுக்கான குட்ரீட்ஸ் இணையதளத்துக்கு மாற்றப்படும் என்றும், உறுப்பினர்கள் எல்லோரும் இம்மாத இறுதிக்குள் அங்கே கணக்குத் தொடங்கிவிட வேண்டும் என்றும் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் வெளியிட்ட அறிவிப்பைப் படித்தேன். மறுநாளே தலைவருக்கும் செயலாளருக்கும் தனித்தனியாக எழுதினேன், பதில் வரவில்லை. அல்சூரில் நடந்த கூட்டத்தில் எழுந்து கேட்டபோது, இது தொழில்நுட்ப விஷயம் என்றும் பிறகு பேசிக்கொள்ளலாம் என்றும் சொல்லப்பட்டது. கெடு நெருங்கிக்கொண்டிருப்பதால், உறுப்பினர்கள் எல்லோரும் படிக்கும்படி இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதுவரை நாம் எழுதிய அனைத்தின் முழுப் பிரதியை எடுத்து உறுப்பினர்களிடம் ஒப்படையுங்கள். அதன் பிறகு, எந்தத் தளம் என்பதை உறுப்பினர்களைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்திருக்கிறோம். நம் குறிப்புகள் இருந்த பழைய இணையப் பக்கத்தை மூடியபோது நடந்ததை நீங்கள் அறிவீர்கள் என்பதால் முழுக்கதையையும் சொல்லப்போவதில்லை. அதில் ஒருவருக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். தொலைபேசித் தொழிற்சாலையில் பணியாற்றி ஓய்வுபெற்று, பானசவாடியில் மகன் வீட்டில் இருக்கும் நம் மூத்த உறுப்பினரான அம்மாவை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பின், கைபேசியில் எழுத்தைப் பெரிதாக்கி, திரையில் ஒரு நேரத்துக்கு நான்கைந்து சொற்கள் மட்டுமே தெரியும்படி வைத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதுவார். ஒரு குறிப்பு எழுத அவருக்கு ஒரு மாலைப்பொழுது முழுதும் ஆகும். அவர் எழுதியவை பெரும்பாலும் அவருடைய தாயார் வார இதழ்களிலிருந்து கிழித்தெடுத்து பைண்டு செய்துவைத்த தொடர்கதைகளைப் பற்றியவை. எந்த வாரத்தின் அத்தியாயம் விடுபட்டிருக்கிறது, பிறகு நூலாக வந்தபோது எந்தப் பகுதி நீக்கப்பட்டது, ஓவியத்தின் கீழே இருந்த வரி என்ன என்பதையெல்லாம் பக்கத்தைப் புரட்டிப் புரட்டிச் சரிபார்த்து எழுதியிருந்தார். அவரிடம் இல்லாத ஓர் அத்தியாயம் ஜாலஹள்ளி உறுப்பினர் ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தது அந்தக் குறிப்பின் கீழ் வந்த மறுமொழியால்தான் தெரியவந்தது. அந்த உறுப்பினர் அதை நகலெடுத்துக் கூட்டத்துக்குக் கொண்டுவந்து கொடுத்த நாளில் நீங்களும் கைதட்டினீர்கள்.

சனிக்கிழமை இரவு ஒரு செய்தி வந்தது. திங்கட்கிழமை பக்கம் இல்லை. அந்த அம்மா என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நான் ஏதாவது தப்பா அமுக்கிட்டேனா?" என்று கேட்டார். பல நாள்கள் தன் விரல்தான் எதையோ அழித்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தை மூடியது குழுவின் முடிவு என்பதை உங்களில் ஒருவர்கூட அவரிடம் சொல்லவில்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது. அதை மறைக்க நான் முயலவில்லை.

பிரதி எடுத்தோம், ஆனால் கோப்பில் தமிழ் எழுத்துகள் உடைந்திருந்ததால் பயனில்லை என்று அழித்துவிட்டோம் என்று பின்னர் விளக்கம் தந்தீர்கள். அந்த விளக்கம்தான் என்னை இன்னும் வருத்துகிறது. தமிழ் உள்ள சிஎஸ்வி (அட்டவணைத் தரவை வெறும் எழுத்தாக வைக்கும்) கோப்பை எக்செலில் அப்படியே இரட்டைச் சொடுக்கில் திறந்தால் பல சமயம் எழுத்துகள் புள்ளியும் கொம்பும் வைத்த ரோமன் எழுத்துகளின் குப்பையாகத்தான் தெரியும். தரவு இறக்கும் வசதி வழியாகச் சென்று, எழுத்துகளைச் சேமிக்கும் முறையான குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் அதே கோப்பில் தமிழ் ஒழுங்காக வந்துவிடும். பெரும்பாலும் அந்தக் கோப்பில் எந்தக் கோளாறும் இருந்திருக்காது. நம் வட்டத்தில் பாதிப் பேர் ஒயிட்ஃபீல்டிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் கணினி முன் அமர்ந்து வேலை செய்பவர்கள். அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் போதும்.

இணையத்தில் எந்த இடமும் நிரந்தரமல்ல என்பது தமிழ் வாசகர்கள் கண்டறிந்த உண்மை. மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற யாகூ மின்னஞ்சல் குழுமங்களில் எத்தனை பேர் எவ்வளவு எழுதினார்கள்! யாகூ தன் குழுமங்களின் உள்ளடக்கத்தை 2019 டிசம்பரில் நீக்கத் தொடங்கி, 2020 டிசம்பரில் சேவையையே முடித்துக்கொண்டது. சமூக வலைத்தளங்களில் ஆர்குட் 2014-இல் மூடப்பட்டது, கூகுள் பிளஸ் 2019-இல். புத்தக விரும்பிகளுக்கென்றே இருந்த ஷெல்ஃபாரியை 2008-இல் வாங்கிய அமேசான், 2016-இல் அதை மூடி, பயனர்களைக் குட்ரீட்ஸுக்குப் போகச் சொன்னது. அந்தக் குட்ரீட்ஸும் 2013-இல் அமேசானால் வாங்கப்பட்டதுதான். ஆகவே ஒரு தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்கு முன்பு, அங்கிருந்து நம் எழுத்தை எப்படி எடுத்துக்கொண்டு வெளியேறுவது என்று கேட்க வேண்டும். இந்த ஊரில் வாடகைக்கு வீடு பார்ப்பவர்கள், வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தருவாரா என்று விசாரித்துவிட்டுத்தானே கையெழுத்துப் போடுகிறார்கள்?

குட்ரீட்ஸ்மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. உலகில் அதிக வாசகர்கள் கூடும் இடம் அதுதான். இளைய உறுப்பினர்கள் ஆண்டுதோறும் இத்தனை புத்தகங்கள் படிப்பேன் என்று அங்கே இலக்கு வைத்துப் படிப்பதையும் மதிக்கிறேன். தனிநபர்கள் தாராளமாக அங்கே இருக்கட்டும். ஆனால் ஒரு வட்டத்தின் நினைவை அங்கே வைப்பது வேறு விஷயம். அதன் ஏற்றுமதி வசதியைப் பயன்படுத்தினால் நூலின் பெயர், ஆசிரியர், நாம் கொடுத்த நட்சத்திரம், அலமாரியின் பெயர், நாம் எழுதிய மதிப்புரை ஆகியவை கிடைக்கும். மதிப்புரையின் கீழே மற்றவர்கள் எழுதிய மறுமொழிகளும் குழு விவாதங்களும் அந்தக் கோப்பில் வராது. கணினி நிரல் எழுதி எடுக்கலாம் என்றால், வெளி நிரல்கள் தளத்தின் தரவைப் பெற அனுமதிக்கும் ஏபிஐ சாவிகளை 2020 டிசம்பர் முதல் அத்தளம் புதிதாக வழங்குவதில்லை. ஜாலஹள்ளி பரணிலிருந்து வந்த அத்தியாயம் ஒரு மறுமொழியில் கிடைத்தது என்பதை நினைத்துப் பாருங்கள். நம் வட்டத்தின் உயிர் மறுமொழிகளில்தான் இருக்கிறது. மாற்றத்தில் முதலில் விடுபடுவதும் அவைதான்.

அடுத்தது தமிழ் நூல்களின் பதிவு. இந்தத் தளங்களில் நூலைத் தேடவும் சேர்க்கவும் எளிய வழி, ஒவ்வொரு பதிப்புக்கும் தரப்படும் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்தான். அந்த எண் சர்வதேசத் தரமாக ஏற்கப்பட்டதே 1970-இல்தான். நம் வீடுகளில் உள்ள பழைய பதிப்புகளுக்கும் பைண்டு செய்த தொடர்களுக்கும் அது எப்படி இருக்கும்? இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதைக் கட்டணமின்றியே வழங்குகிறது என்றாலும், எண் இல்லாமல் வரும் சிறு பதிப்பக நூல்கள் இன்னமும் உண்டு. எண் இல்லாத நூலை ஒவ்வொரு பயனரும் தனக்குத் தோன்றிய எழுத்துக்கூட்டலில் பதிந்தால், ஒரே நூல் தமிழில் ஓரிடத்திலும் ரோமன் எழுத்தில் வேறு சில இடங்களிலும் சிதறிவிடும். சுருக்கப்பட்ட பதிப்பைப் பற்றிய மதிப்புரையும் முழுப்பதிப்பைப் பற்றியதும் ஒன்றாகக் கலந்துவிடும். பதிப்பு வேறுபாட்டைப் பற்றியே பேசும் ஒரு வட்டத்துக்கு இது சிறிய குறை அல்ல.

வேறு இடங்கள் இல்லாமல் இல்லை. 2005-இல் டிம் ஸ்பால்டிங் தொடங்கிய லைப்ரரிதிங், 200 நூல்களுக்கு மேல் சேர்க்கக் கட்டணம் என்ற விதியை 2020-இல் எடுத்துவிட்டது. அது நூலகப் பட்டியல்களிலிருந்தும் விவரங்களை எடுக்கிறது. அந்த நூலகங்களில் ஒன்றான அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 1962 முதல் புதுதில்லியில் ஓர் அலுவலகத்தை வைத்து இந்திய மொழி நூல்களைத் திரட்டிவருவதால், எதிர்பாராத தமிழ் நூல்களுக்குக்கூட அங்கே பதிவு கிடைக்கும். அப்படி வரும் பெயர்கள் கோடும் புள்ளியுமிட்ட ரோமன் எழுத்தில் இருக்கும் என்பது உண்மைதான். அதை நாமே தமிழில் மாற்றிக்கொள்ள முடியும், பதிப்பையும் பதிப்பகத்தையும் நாமே எழுத முடியும். எந்த நூலை யாருக்கு இரவல் கொடுத்தோம் என்று குறிக்கவும் அங்கே வசதி உண்டு. தமிழ் நூல் வேண்டுமென்றால் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய், பிருந்தாவன் விரைவு ரயிலில் பையைச் சுமந்துவரும் நமக்கு, யார் வீட்டில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்ற பட்டியல்தான் நூலகம். சிறு நூலகங்களுக்காக அதே நிறுவனம் 2016 முதல் நடத்தும் டைனிகேட்டில் 20,000 நூல்கள்வரை வைக்கலாம். நிறுவனங்களுக்கு அதில் கட்டணம் உண்டு; நம் சந்தாவில் அது முடியுமா என்பதைக் கணக்கிட்டுச் சொல்லுங்கள். அமேசானுக்குச் சொந்தமான பழைய நூல் விற்பனைத் தளம் ஏப்புக்ஸ் வழியாக அமேசானுக்கு லைப்ரரிதிங்கில் சிறுபான்மைப் பங்கு இருந்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் மறைத்ததாக நினைக்கக் கூடாது.

நாடியா ஓடுனாயோ உருவாக்கிய ஸ்டோரிகிராஃபில் கால் நட்சத்திரம்வரை பிரித்து மதிப்பிடலாம். குட்ரீட்ஸ் கோப்பை அப்படியே ஏற்றவும் முடியும். தனி வாசகருக்கு நல்ல இடம். குழுவின் நீண்ட விவாதங்களுக்கு எனக்கு அது பொருந்திவரவில்லை. புக்வைர்ம் என்பது வேறு வகை. மாஸ்டடான் என்ற சமூக வலைத்தளம் பயன்படுத்தும், தனித்தனி வழங்கிகளை (சர்வர்களை) ஒன்றோடொன்று பேசவைக்கும் அதே ஆக்டிவிட்டிபப் நெறிமுறையில் இயங்குவது, நாமே ஒரு வழங்கியில் நிறுவிக்கொள்ளக்கூடியது. தரவு நம் கையில் இருக்கும். ஆனால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும், மாதந்தோறும் வாடகை கட்ட வேண்டும், அந்த ஆள் வேலை மாறி வெளிநாடு போனால் அடுத்தவர் வேண்டும். என் கருத்து, பட்டியலுக்கு லைப்ரரிதிங்கும், விவாதங்களுக்கு நாமே பிரதி வைத்துக்கொள்ளும் எளிய ஓர் ஏற்பாடும் போதும் என்பது. மற்றவர்கள் வேறாக நினைக்கலாம். கேட்டால்தானே தெரியும்?

கேட்காமல் முடிவெடுக்கும் இந்தப் பழக்கம் தளத்தோடு நிற்கவில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. கூட்ட நேரம் மாறியது, மாதாந்திர நூல் தேர்வு மூன்று பேரின் உரையாடலாகச் சுருங்கியது, இரவு பதினொரு மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் நடக்கும் வாக்கெடுப்பு காலையில் தீர்மானமாகிறது. அந்நேரத்துக்கு உறங்கிவிடும் மூத்தவர்களும், வீட்டு வேலை முடித்து அப்போதுதான் உட்காரும் பெண்களும் எந்தத் தீர்மானத்திலும் இல்லை. தமிழ்நாட்டுக்கு வெளியே ஒரு தமிழ் வட்டத்தை நடத்துவது எவ்வளவு கடினம், அரங்கு பிடிப்பதிலிருந்து தேநீர்ச் செலவுவரை நீங்கள் கைப்பணம் போட்டிருக்கிறீர்கள் என்பதை நான் அறிவேன். அதற்கு நன்றியும் உண்டு. அந்த உழைப்பு உறுப்பினர்களைக் கேட்கும் கடமையிலிருந்து உங்களை விடுவிக்காது. இது தனியாகப் பேச வேண்டிய விஷயம் என்பதால் இத்துடன் நிறுத்தி, தளத்துக்கே திரும்புகிறேன்.

பணிவோடு மீண்டும் கேட்கிறேன்: முதலில் குறிப்புகளை எங்களிடம் ஒப்படையுங்கள், பிறகு தளத்தைத் தேர்ந்தெடுங்கள். இப்போது வாட்ஸ்அப்பிலும் கூகுள் தாளிலும் இருப்பவற்றை மறுமொழிகளோடு முழுமையாக இறக்கி, யார் எழுதியதோ அவருக்கு அவருடையதையும், வட்டத்துக்கு மொத்தத்தையும் கொடுங்கள். கைபேசியில் கோப்பைத் திறக்கத் தெரியாதவர்களுக்கு அச்சிட்டுத் தாருங்கள். அச்சுச் செலவை நானும் இன்னும் சில உறுப்பினர்களும் ஏற்கிறோம். மாத இறுதி என்ற கெடுவை விலக்குங்கள். நம்மிடமுள்ள பழைய பதிப்புகள், ஐஎஸ்பிஎன் இல்லாத நூல்கள், பைண்டு செய்த தொடர்கள் ஆகியவற்றில் சிலவற்றை ஒவ்வொரு தளத்திலும் பதிந்து பார்த்து, மறுமொழிகளோடு திரும்ப எடுக்க முடிகிறதா என்று சோதித்து, முடிவைக் கூட்டத்தில் வையுங்கள். சோதனைக்கு எலெக்ட்ரானிக் சிட்டி உறுப்பினர்கள் இருவர் முன்வந்திருக்கிறார்கள்.

பானசவாடி அம்மாவிடம் குழுவின் சார்பில் யாராவது நேரில் சென்று, அவருடைய கைத்தவறால் எதுவும் அழியவில்லை என்று சொல்லுங்கள். அழிக்கப்பட்ட கோப்பு யாருடைய கணினியிலாவது, மின்னஞ்சல் இணைப்பிலாவது எஞ்சியிருக்கிறதா என்று தேடிப்பாருங்கள். கிடைத்தால் திறக்காமல் அப்படியே எனக்கு அனுப்புங்கள்.

அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை முதல் பொருளாகச் சேர்த்து, அந்த நிரலைப் பகல் நேரத்தில் எல்லோருக்கும் அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உங்கள் எழுத்துப்பூர்வமான பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
வட்டத்தின் உறுப்பினர் ஒருவர்,
அல்சூர், பெங்களூரு