பீடி சுற்றுகிறவர்களும் வந்து பார்க்கும்படி

ஆசிரியருக்கு வணக்கம்.

நெல்லை, பாளையங்கோட்டைக் கல்லூரிகளின் ஓவியக் கண்காட்சிகள் பற்றிய தங்கள் கட்டுரை கண்டேன். பீடித் தொழில், தாமிரபரணி என்று எடுத்துக்கொள்ளும் பொருளில் குறையில்லை. அதை மாட்டி வைக்கிற விதமும் எழுதி வைக்கிற விதமும்தான் சரியில்லை.

படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 செ.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். நம் ஊரில் ஏற்கெனவே ஆணி இருக்கும் இடத்தில் மாட்டிவிடுகிறார்கள். அது தலைவர்கள் படத்துக்கு அடித்த ஆணி, ஏழடி உயரம்! கண்ணாடிச் சட்டத்துக்கு எதிரே ஜன்னலோ டியூப்லைட்டோ இருந்தால் பார்க்கிறவருக்குத் தன் முகம்தான் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் நடத்துபவர்கள் தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மவுண்ட் போர்டு (நடுவில் வெட்டியெடுத்த தடித்த அட்டை) வைக்காவிட்டால், ஈரத்தில் தாள் கண்ணாடியோடு ஒட்டி, பிரிக்கும்போது வண்ணமும் சேர்ந்து வரும். சட்டத்தின் பின்பக்கம் கீழ் மூலைகளில் தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று போகும். டிஸ்டெம்பர் சுவரில் இருபக்க டேப் நிற்காது, பொடியோடு உரிந்து விழும்.

இதெல்லாம் ஒரு நாளில் திருத்தக்கூடியவை. குறிப்பு அட்டைதான் பெரிய குறை. பீடி சுற்றும் பெண்ணின் படத்துக்குக் கீழே ‘உழைக்கும் கரங்கள்’ என்று எழுதினால் யாருக்கு என்ன விளங்கும்? மடியில் சுளகு, கையில் கத்தரி, இது படத்திலேயே தெரிகிறது. தெரியாதது, கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. கொடுத்த இலை சொத்தையாக இருந்து எண்ணிக்கை குறைந்தால் சொந்தக் காசில் இலை வாங்கி ஈடுகட்ட வேண்டியிருப்பது. சரியில்லை என்று கழித்துப் போடும் பீடிக்குக் கூலி கிடைக்காதது. அதை ஐந்து வரியில், 20 பாயிண்ட் அளவு எழுத்தில், வெள்ளையில் கறுப்பாக எழுதலாம்.

1999 ஜூலை 23 அன்று தாமிரபரணியில் 17 பேர் இறந்ததை வரைகிறவர்களுக்கும் இதுதான். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக் கோரிக்கை, ஆட்சியர் அலுவலகம் நோக்கிய ஊர்வலம், போலீஸ் தடியடி எதையும் சொல்லாமல் நீல நிறத்தில் கைகள் மிதந்தால், அப்போது பிறந்தே இராத மாணவருக்கு அது ஏதோ வெள்ளச்சேதம். 1943 வங்கப் பஞ்சத்தில் மிதினாப்பூர்ப் பக்கம் நடந்து திரிந்து வரைந்த ஓவியர் சித்தப்ரசாத், ஆளின் பெயரையும் ஊரையும் படத்தோடு குறித்து வைத்தார். இன்று பெயர் போடுவதானால் அவரவர் சம்மதம் கேட்டுத்தான் போட வேண்டும்.

நேரமும் இடிக்கிறது. வேலை நாளில் பத்து மணி முதல் நான்கு மணி வரை, வாசலில் அடையாள அட்டை என்றால், பீடி சுற்றுகிறவர்கள் இருக்கும் மேலப்பாளையத்திலிருந்து யார் வருவார்கள்? ஞாயிறு மாலை நான்கிலிருந்து எட்டு வரை வாசலைத் திறந்து வையுங்கள். அதுவும் முடியாதென்றால் மாணவர்களை லினோகட் (லினோலியத் தகட்டில் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சிடும் படம்) செய்யச் சொல்லலாம். ஒரே தகட்டில் ஐம்பது பிரதி தாராளமாக எடுக்கலாம். கொடி கட்டித் துணிக் கிளிப்பில் மாட்ட முக்கூடலில் ஒரு பீடிக்கடைத் திண்ணை போதும். எண்ணெய் மையானால் மட்டும் சில நாள் காயவிட்டு எடுத்துப் போக வேண்டும், ஈரத்தோடு அடுக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

ஓவிய ஆசிரியர் ஒருவர்,
பாளையங்கோட்டை