லூகாவுக்குப் பக்கத்தில் யார்? லேக்கர்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல் (செப்டம்பர் 2025)

மதிப்பிற்குரிய ராப் பெலின்கா அவர்களுக்கும் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் கூடைப்பந்து நிர்வாகத்தினருக்கும்,

வணக்கம். செப்டம்பர் 10 அன்று ரீகாவில் நடந்த யூரோபாஸ்கெட் (ஐரோப்பிய நாடுகளின் கூடைப்பந்துப் போட்டி) காலிறுதியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஜெர்மனிக்கு எதிராக நம் லூகா டான்சிச் 39 புள்ளி போட்டார். ஆனாலும் அவருடைய நாடான ஸ்லோவேனியா தோற்றது, 99-91. தன்னால் முடிந்ததையெல்லாம் செய்துவிட்டு, மறிக்க ஆள் இல்லாமல் தோற்றுப் போவது அவருக்குப் புதிதில்லை. ஏப்ரலில் லேக்கர்ஸ் சட்டையிலும் அதைத்தான் செய்தார்.

ஆகஸ்ட் 2ஆம் தேதி அவர் உங்களோடு ஒப்பந்த நீட்டிப்பில் கையெழுத்துப் போட்டதில் எங்களுக்கெல்லாம் மகிழ்ச்சிதான். மூன்று ஆண்டு, 16.5 கோடி டாலர்; கொடுக்க வேண்டிய பணம், கொடுத்தீர்கள். சரி, அப்புறம்? அவரைச் சுற்றி யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. பயிற்சி முகாம் தொடங்கப் போகிறது.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். எதிரணியின் முதன்மை ஆட்டக்காரரை மறிக்கவும், மூலையில் நின்று மூன்று புள்ளி போடவும் தெரிந்த ஓர் உயரமான விங் (பக்கவாட்டில் நின்று ஆடும்) ஆட்டக்காரர். ஒரே ஒருவர் போதும்.

ஏப்ரல் 27, மினியாபோலிஸ், மினசோட்டாவுக்கு எதிரான பிளேஆஃப் முதல் சுற்றின் நான்காவது ஆட்டம். இரண்டாம் பாதியின் 24 நிமிடமும் லெப்ரான், லூகா, ரீவ்ஸ், ஹச்சிமுரா, ஃபின்னி-ஸ்மித் ஆகிய ஐந்து பேரே ஆடினார்கள். மாற்று ஆளாக ஒருவர்கூட உள்ளே வரவில்லை. லெப்ரானுக்கு அப்போதே வயது 40. மூன்றாவது குவார்ட்டர் முடியும்போது 94-84 என்று நாம்தான் முன்னால் இருந்தோம். கடைசிக் குவார்ட்டரில் அவர்கள் 32, நாம் 19. அவர்களின் ஆந்தனி எட்வர்ட்ஸ் மட்டும் அந்த ஆட்டத்தில் 43 புள்ளி. மறுநாள் முழுக்க எல்லோரும் கோச் ரெடிக்கைத் திட்டினார்கள். பெஞ்சைத் திரும்பிப் பார்த்தால் நம்பி அனுப்ப ஓர் ஆள் இருந்தால்தானே அவர் அனுப்புவார்? அந்தப் பெஞ்சை நிரப்ப வேண்டியவர் அவர் இல்லை.

ஐந்தாவது ஆட்டம் இன்னும் மோசம். மினசோட்டா 47 முறை மூன்று புள்ளிக்கு முயன்று ஏழே ஏழு போட்டது. அப்படியும் ஜெயித்தது, காரணம் அவர்களின் சென்டர் (வளையத்துக்கு அருகில் ஆடும் உயரமானவர்) ரூடி கோபேர்: 27 புள்ளி, 24 ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது). 50 ஆட்டம் ஜெயித்து மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம் பிடித்த நம் அணி 4-1 என்று தோற்று வீடு திரும்பியது.

அதன் பிறகு சென்டர் வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிட்டது. டியாண்ட்ரே எய்ட்டன் வந்தார். அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் ஒரு பக்கத்து ஓட்டையை அடைத்த கையோடு இன்னொரு பக்கத்துக் கூரையைப் பிரித்துவிட்டீர்களே! அந்த ஐந்து பேரில் எதிரணியை மறிப்பதையே வேலையாகக் கொண்டவர் டோரியன் ஃபின்னி-ஸ்மித் ஒருவர்தான். அவர் இப்போது ஹூஸ்டனில், நான்கு ஆண்டு, 5.3 கோடி டாலர். வயது 32, கணுக்காலில் அறுவை சிகிச்சை வேறு, நீண்ட ஒப்பந்தம் ஆபத்து என்று நீங்கள் சொல்லலாம். நியாயம்தான். அப்படியென்றால் அவர் இடத்துக்கு யார்? மார்க்கஸ் ஸ்மார்ட் நல்லவர், ஆனால் கார்டு (பந்தை நடத்தும், உயரம் குறைந்த ஆட்டக்காரர்). வாண்டர்பில்ட் மறிப்பார், ஆனால் மூன்று புள்ளிக் கோட்டில் அவரை யாரும் கண்டுகொள்வதே இல்லை. லராவியா இன்னும் வளர வேண்டிய பையன். ஸ்மார்ட்டுக்கு இடம் கொடுப்பதற்காக ஜோர்டன் குட்வினையும் அனுப்பியாயிற்று. போன சீசனில் உயிரைக் கொடுத்து மறித்தவர் அவர்.

லூகாவோடு எப்படி ஜெயிப்பது என்பது ரகசியமும் இல்லை. 2022இல் அவர் முன்பு ஆடிய டல்லாஸ் மேற்குப் பிரிவு இறுதி வரை போனபோது அவர் பக்கத்தில் நின்றவர் இதே ஃபின்னி-ஸ்மித். 2024 பிப்ரவரியில் பி.ஜே. வாஷிங்டனையும் டேனியல் காஃபோர்டையும் வாங்கினார்கள். ஜூனில் இறுதிப் போட்டியில் ஆடினார்கள். ஒரு விங், ஒரு சென்டர். நீங்கள் பாதியை முடித்திருக்கிறீர்கள்.

2027க்குப் பணத்தைச் சேர்த்து வைக்கிறீர்கள் என்பது ஒப்பந்தங்களைப் பார்த்தாலே தெரிகிறது. சேமிப்பு நல்ல பழக்கம்தான். ஆனால் உங்கள் சேமிப்பால் யார் பிழைத்தார்கள் என்று பாருங்கள். 2018இல் புரூக் லோபஸைப் போகவிட்டீர்கள். 2021இல் மில்வாக்கியில் கோப்பை வென்றார். 2019இல் மைக் முஸ்காலாவுக்காக ஸூபாட்ஸை ஊருக்குள்ளேயே கிளிப்பர்ஸுக்குக் கொடுத்தீர்கள். 2025இல் அவர் ஆல்-டிஃபென்ஸ் அணியில் (லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர்கள் பட்டியல்) இடம் பிடித்தார். 2021இல் வெஸ்ட்புரூக்குக்காக கால்ட்வெல்-போப்பை அனுப்பினீர்கள். 2023இல் டென்வரில் அவருக்குச் சாம்பியன் மோதிரம். அதே 2021 கோடையில் கரூஸோவும் போனார். இந்த ஜூனில் ஓக்லஹோமாவில் அவருக்கும் மோதிரம். மற்ற அணிகளுக்குச் சாம்பியன்களைத் தயார் செய்து கொடுப்பதற்கு லீக்கில் ஏதாவது விருது இருந்தால் அது உங்களுக்குத்தான்.

மன்னிக்கவும், கோபம் எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. விஷயத்துக்கு வருகிறேன்.

எய்ட்டனுக்கும் லராவியாவுக்கும் மிட்-லெவல் தொகையை (சம்பள வரம்புக்கு மேலும் ஆள் எடுக்க லீக் அனுமதிக்கும் தொகை) பிரித்துக் கொடுத்ததால் முதல் ஏப்ரன் என்ற சம்பள எல்லைக் கோட்டைத் தாண்ட முடியாது என்பது எங்களுக்கும் தெரியும். அதற்குள்ளேயே வழி இருக்கிறது. ஹச்சிமுராவின் 1.83 கோடி டாலர் ஒப்பந்தமும் கேப் வின்சென்ட்டின் 1.15 கோடி டாலர் ஒப்பந்தமும் இந்த சீசனோடு முடிகின்றன. இருவரையும் சேர்த்து டிரேடில் (ஆள் மாற்றிக்கொள்வதில்) கொடுத்தால் மயாமியில் இருக்கும் ஆண்ட்ரூ விக்கின்ஸின் சம்பளமான சுமார் 2.8 கோடிக்குக் கணக்கு பொருந்துகிறது. 2022இல் கோல்டன் ஸ்டேட் கோப்பை வென்றபோது எதிரணியின் பெரிய ஆட்டக்காரர்களை மறித்தவர் அவர். ஹச்சிமுராவை இழப்பது வலிக்கும். அவர் ஷாட் நமக்குத் தேவை. ஆனாலும் செய்யலாம். அது வேண்டாம் என்றால் மாக்ஸி கிளீபரின் 1.1 கோடியோடு டால்டன் கனெக்டைச் சேர்த்து, அடுத்த படியில் இருக்கும் ஒரு விங்கைக் கேளுங்கள். ரீவ்ஸை மட்டும் தொட வேண்டாம்.

2031 டிராஃப்டின் முதல் சுற்று பிக் (புதிய ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கையில் இருக்கிறது. அதை பிப்ரவரியில் மார்க் வில்லியம்ஸுக்காகக் கொடுக்கத் தயாராக இருந்தீர்கள். மருத்துவப் பரிசோதனையில் அந்த டிரேடு நின்றதால் திரும்பி வந்தது. சென்டருக்காக அன்று கொடுக்க முடிந்ததை, சரியான விங்குக்காக இன்று கொடுக்கக் கூடாதா?

டிசம்பரில் லெப்ரானுக்கு 41. 2027 வரை காத்திருக்க அவரிடம் நேரம் இல்லை. லூகாவிடம் பொறுமை எவ்வளவு இருக்கும் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. தயவுசெய்து பிப்ரவரி டிரேடு கெடுவரை இழுக்காமல் அந்த ஒரு விங்கை இப்போதே தேடத் தொடங்குங்கள். முடியாது என்றால், அக்டோபர் 21 அன்று கோல்டன் ஸ்டேட்டுடன் நடக்கும் முதல் ஆட்டத்தில் ஜிம்மி பட்லரை மறிக்கப் போவது யார் என்பதையாவது முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அன்புடன்,
ஒரு லேக்கர்ஸ் ரசிகன்