டிக்கெட்டை விற்கவிடாத மகளுக்கும் அந்த ஐந்து தடியர்களுக்கும்

நாஷ்வில், 2024 அக்டோபர் 8

அன்புள்ள எல்லோருக்கும்,

மூன்று நாளாகத் தொண்டை கட்டிக் கிடக்கிறது. அலுவலகக் கூட்டங்களில் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். வாயால் சொல்ல முடியாததால் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். சனிக்கிழமை சாயங்காலம் வான்டர்பில்ட் 40, அலபாமா 35. எழுதி முடித்தபின் அந்த இரண்டு எண்களையும் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டேன். சரியாகத்தான் இருக்கிறது.

ஊரில் இருக்கும் சொந்தங்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் ஒரு சின்ன விளக்கம். இது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை. தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டிமோதும் அமெரிக்கக் கால்பந்து. நான்கு வாய்ப்புக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும், முன்னேறினால் மறுபடி நான்கு வாய்ப்பு. இந்த நாட்டின் தெற்கு மாநிலங்களில் கல்லூரி அணிகளுக்கு இருக்கும் மவுசு நம்மூர்த் தேர்த் திருவிழாவுக்கு இருப்பது போன்றது. அலபாமா போன வாரம்தான் ஜார்ஜியாவை 41-34 என்று அடித்து, நாட்டிலேயே முதலிடத்தில் வந்து இறங்கியது. எங்கள் நாஷ்வில்லின் வான்டர்பில்ட் பல்கலைக்கழகம் படிப்புக்குப் பேர்போன இடம். கால்பந்தில் பேர் வாங்கியது கிடையாது. தரவரிசையில் முதல் ஐந்து இடங்களில் இருந்த அணிகளோடு அதுவரை 60 தடவை மோதி 60 தடவையும் தோற்றிருந்தது. அலபாமாவைக் கடைசியாக வென்றது 1984இல். சொந்த மைதானத்தில் வென்றது 1969இல்.

முதல் நன்றி என் மகளுக்கு. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அலபாமா ரசிகர்கள் பேருந்து பேருந்தாக வருவார்கள், எங்கள் டிக்கெட்டை நல்ல விலைக்கு வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டு, வாரநடுவிலேயே நான்கு டிக்கெட்டையும் விற்கப் பார்த்தேன். "தோற்கிற ஆட்டத்துக்கு எதுக்குடி வெயிலில் உட்காரணும்?" என்று கேட்டேன். "அம்மா, நீ ஜெயிக்கிற ஆட்டத்துக்கு மட்டும்தான் வருவேன்னா நமக்கு சீசன் டிக்கெட்டே தேவையில்லை" என்றாள். பதிமூன்று வயதுப் பிள்ளை சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. போனை அவளே வாங்கி வைத்துக்கொண்டாள். கண்ணு, அந்தப் பணத்தில் வாங்கித் தருவதாகச் சொன்ன சைக்கிள் உனக்கு எப்படியும் வந்துசேரும்.

அடுத்து, எங்களுக்குப் பின்வரிசையில் உட்காரும் பெரியவர். ஒரு காதில் எப்போதும் வானொலி வர்ணனை ஓடிக்கொண்டிருக்கும். 1969இல் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு வந்து அந்த வெற்றியைப் பார்த்தவர் அவர். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. வருஷத்துக்கு ஒரு முறையாவது அந்தக் கதையைச் சொல்வார், நாங்களும் முதல் தடவை கேட்பதுபோல் கேட்டுக்கொள்வோம். ஆட்டத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். ஆரம்பத்தில் பந்து எங்கே போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன், பாதி நேரம் பந்தைத் தொலைத்துவிடுவேன். "பந்தை விட்டுவிடு. முதல் இரண்டு விநாடிக்கு அந்த ஐந்து பேரைப் பார். அவர்கள் முன்னே போனால் நல்லது, பின்னே வந்தால் கெட்டது. மற்றதெல்லாம் அப்புறம்" என்றார்.

அந்த ஐந்து பேர்தான் தாக்குதல் வரிசை. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் சுவராக நிற்கும் தடியர்கள். நடுவில் நிற்பவர் பந்தைப் பின்னால் கொடுப்பதோடு சரி, மற்றபடி அவர்கள் பந்தைத் தொடுவதில்லை, அவர்கள் பெயர் மறுநாள் செய்தியில் வருவதும் இல்லை. சனிக்கிழமை நான் பெரும்பாலும் பார்த்தது அவர்களைத்தான். அலபாமா வீரர்கள் உருவத்திலும் வேகத்திலும் ஒரு படி மேல், அது கண்ணுக்கே தெரிந்தது. இருந்தும் எங்கள் ஐவர் அரை யார்டு, ஒரு யார்டு என்று முன்னேதான் போய்க்கொண்டிருந்தார்கள். பெரிய ஓட்டம் என்று ஒன்றும் இல்லை. செட்ரிக் அலெக்சாண்டர் பந்தோடு ஓடும்போதெல்லாம் மூன்று யார்டு, நான்கு யார்டுதான். அந்த மூன்றும் நான்கும்தான் ஆட்டமே.

ஏனென்றால் இது அதிர்ஷ்டத்தில் வந்த வெற்றி இல்லை. இதை அழுத்திச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். திங்கட்கிழமை முதல் பார்க்கிற ஆட்களெல்லாம் "அதிசயம், அதிசயம்" என்கிறார்கள். 60 நிமிட ஆட்டத்தில் 42 நிமிடத்துக்கு மேல் பந்து எங்களிடம் இருந்தது. மூன்றாவது வாய்ப்பு என்கிற கண்டம் (அதிலும் தவறினால் நாலாவதில் பெரும்பாலும் பந்தை உதைத்துக் கொடுத்துவிட வேண்டியதுதான்) 18 தடவை வந்தது, அதில் 12 தடவை தாண்டிவிட்டார்கள். எதிராளி எவ்வளவு பெரிய பலசாலியாக இருந்தாலும் பந்து கையில் இல்லாதபோது என்ன செய்வான்? பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பான். அலபாமா பதினெட்டு நிமிடம்கூட முழுசாகப் பந்தை வைத்திருக்கவில்லை, அதற்குள் 35 புள்ளி எடுத்துவிட்டது. இன்னும் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் நான் இந்த மடலை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

இந்தத் திட்டத்தைப் போட்டவர்களுக்கு என் நன்றி. தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் டிம் பெக், அவருக்குப் பின்னால் ஆலோசகராக இருக்கும் ஜெர்ரி கில், இரண்டு பேரும் போன வருஷம் வரை நியூ மெக்சிகோ ஸ்டேட்டில் இருந்தவர்கள். அங்கிருந்து குவார்ட்டர்பேக் டியேகோ பாவியாவும் எறியும் பந்தைப் பிடிக்கிற, தடுக்கவும் செய்கிற 'டைட் எண்ட்' ஈலை ஸ்டோவர்ஸும் இங்கே வந்தார்கள். ஒரு வீட்டுச் சமையல்காரரை மட்டும் கூட்டிவராமல் அம்மி, உரல், மசாலா டப்பாவோடு சமையலறையையே பெயர்த்துக்கொண்டு வந்தது மாதிரி. நேரத்தைக் கரைப்பதில் பெக்குக்கு நிகர் கிடையாது. அடுத்த வாய்ப்பைத் தொடங்கக் கொடுக்கும் 40 விநாடியில் கடைசிச் சில விநாடி வரை காத்திருந்து, ஆட்களை அங்கும் இங்கும் நகர்த்தி, அப்புறம்தான் பந்தை எடுப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். செப்டம்பரில் நானே "சீக்கிரம் ஆடுங்கப்பா" என்று முணுமுணுத்திருக்கிறேன். அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

பாவியா! இந்தப் பையனை எந்தப் பெரிய கல்லூரியும் பள்ளிக்கூட நாளில் சீண்டவில்லை. நியூ மெக்சிகோவில் ஒரு ராணுவ ஜூனியர் கல்லூரியில் ஆரம்பித்தவன். போன நவம்பரில் நியூ மெக்சிகோ ஸ்டேட்டுக்காக அலபாமா மாநிலத்தின் இன்னொரு அணியான ஆபர்னின் மைதானத்துக்கே போய் 31-10 என்று ஜெயித்துவிட்டு வந்தவன். அவனுக்கு அலபாமா மாநில அணிகள் என்றால் பயமில்லை என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை 20 எறிதலில் 16 சரியாகப் போனது, 252 யார்டு, 2 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது). ஸ்டோவர்ஸ் மட்டும் 6 பிடித்து 113 யார்டு. ஆட்டம் முடிந்ததும் மைக்கை நீட்டிய தொலைக்காட்சிக்காரரிடம் பாவியா ஒரு சொல் சொன்னான். அதற்கு என்ன அர்த்தம் என்று ஊரிலிருந்து போன் செய்த என் மாமியார் கேட்டார். "ரொம்ப சந்தோஷம்னு சொல்றான் அத்தை" என்று சொல்லிச் சமாளித்தேன்.

எல்லோரும் கோல் கம்பத்தை ஆற்றில் போட்ட கூத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு நின்றுபோன காட்சி வேறு. பாதிநேரத்தில் 23-14 என்று முன்னால் இருந்தோம். இரண்டாம் பாதியில் அலபாமா நெருங்கி வந்துவிட்டது. எங்களுக்கு நாலாவது வாய்ப்பு, ஒரு யார்டு பாக்கி. பழைய வான்டர்பில்ட் அந்த இடத்தில் பயந்துபோய்ப் பந்தை உதைத்துக் கொடுத்துவிடும். சரி, துணிந்தால் நடுவில் முட்டி ஒரு யார்டு எடுக்கும் என்று நினைத்தேன். பாவியா எறிந்தான். ஜூனியர் ஷெரில் பிடித்துக்கொண்டு 36 யார்டு டச்டவுனுக்கே போய்விட்டான். பின்னால் பெரியவர் காதிலிருந்து வானொலியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

தடுப்பாட்டத்துக்கும் நன்றி, ஆனால் கொஞ்சம் குறையும் உண்டு. ராண்டன் ஃபான்டனெட் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அலபாமா குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோ எறிந்ததைப் பிடுங்கி டச்டவுனாக மாற்றினார். அந்த நிமிடத்தில்தான் சிவப்புச் சட்டை போட்ட அலபாமா ரசிகர்கள் முதல்முறையாக அமைதியானார்கள். கடைசிக் கால்பகுதியில் மைல்ஸ் கேப்பர்ஸ் பின்னாலிருந்து மில்ரோவைத் தட்டிப் பந்தை உதிர்த்தார். அதெல்லாம் பொன். ஆனால் நீளமாக எறியப்பட்ட பந்துகளை நம் பின்வரிசை தடுத்த லட்சணம் இருக்கிறதே, அலபாமாவின் 17 வயது ராயன் வில்லியம்ஸ் ஒருவனே 58 யார்டு டச்டவுன் போட்டுவிட்டான். நல்ல மனசோடு சொல்கிறேன், டெக்சஸ் வருவதற்குள் இதைச் சரிசெய்யுங்கள்.

இப்போது கிளார்க் லீ. இவருக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. இதே ஊர்ப் பையன், வான்டர்பில்ட்டிலேயே ஆடியவர், 2020 டிசம்பரில் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். முதல் மூன்று வருஷத்தில் 9 வெற்றி, 27 தோல்வி. போன வருஷம் 2-10, எங்கள் அணி சேர்ந்திருக்கும் தெற்கத்திக் கூட்டமைப்பான எஸ்இசியின் ஆட்டங்கள் எட்டிலும் தோல்வி. 2022இல் ஒரு மேடையில், காலப்போக்கில் நாட்டிலேயே சிறந்த அணியாக வருவோம் என்று சொன்னார். நாடே சிரித்தது. எங்கள் சாப்பாட்டு மேஜையிலும் சிரித்தோம். போன நவம்பரில் இவரை மாற்றினால்தான் உருப்படும் என்று நானும் பேசியிருக்கிறேன். அவரோ தன்னை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மாற்றினார். தாக்குதலை நியூ மெக்சிகோ ஆட்களிடம் கொடுத்துவிட்டுத் தடுப்பாட்டத்தின் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார். தோற்றுக்கொண்டிருக்கும் ஒருவர் இன்னொருவர் சமையலறையை வீட்டுக்குள் விடுவதற்கு மனசு வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள் கோச்.

ஜார்ஜியா ஸ்டேட்டுக்கும் மிசௌரிக்கும்கூட ஒரு கும்பிடு போடலாம் என்று தோன்றுகிறது. செப்டம்பர் 14இல் ஜார்ஜியா ஸ்டேட் கடைசி விநாடிகளில் எங்களை 36-32 என்று கவிழ்த்தது. அடுத்த வாரம் மிசௌரியிடம் இரண்டு கூடுதல் நேரம் ஆடி 30-27 என்று தோற்றோம். ஜெயித்திருக்க வேண்டிய ஆட்டத்தைக் கைவிடுவது எப்படி என்று ஒரே மாதத்தில் இரண்டு பாடம். சனிக்கிழமை 40-35 ஆகி இன்னும் இரண்டே முக்கால் நிமிடம் இருந்தபோது எல்லோர் வயிற்றிலும் அந்த நினைப்புதான். ஆனால் இந்தத் தடவை பந்தை அலபாமா கையில் திருப்பிக் கொடுக்கவே இல்லை. மூன்று யார்டு, நான்கு யார்டு. அந்த ஐந்து தடியர்கள் முன்னேதான் போனார்கள்.

அப்புறம் கோல் கம்பம். அதைப் பிடுங்கித் தோளில் சுமந்து பிராட்வே வழியாகக் கிட்டத்தட்ட மூன்று மைல் நடந்து கம்பர்லண்ட் ஆற்றில் போட்ட மாணவர்களே, உங்களுக்கும் நன்றி. சாமி தூக்குகிறவர்கள் மாதிரித் தோள் மாற்றித் தோள் மாற்றிப் போனீர்கள். வழிவிட்டு ஒதுங்கி நின்ற போலீஸ்காரர்களுக்கும்தான். மைதானத்துக்குள் புகுந்ததற்கு எஸ்இசி 1,00,000 டாலர் அபராதம் போட்டிருக்கிறது, விதிப்படி அது அலபாமாவுக்குப் போகும். மொய் எழுதியதாக வைத்துக்கொள்ளுங்கள் என்று கணவர் சொல்கிறார்.

மைதானத்துக் கூட்டத்தில் மகள் கையை விட்டுவிட்டேன். ஐந்து நிமிடம் உயிரே இல்லை. அவளைச் சிவப்புச் சட்டை போட்ட ஒரு அம்மா படிக்கட்டின் ஓரத்தில் நிறுத்தி, தோளில் கைவைத்துக் காத்துக்கொண்டிருந்தார். தோற்றுப்போன வருத்தம் முகத்தில் அப்படியே இருந்தது. "போய்க் கொண்டாடுங்கள், உங்கள் நாள்" என்றார். உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை அம்மா. இது எப்படியாவது உங்கள் கண்ணில் பட வேண்டும்.

வரும் சனிக்கிழமை ஆட்டம் கென்டக்கியில், எங்கள் வீட்டில் பார்க்கிறோம். இட்லியும் சாம்பாரும் உண்டு, எங்கள் வரிசைக்காரர்கள் எல்லோரும் வந்துவிடுங்கள். பெரியவரே, உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: காரம் குறைத்தே செய்கிறேன், வானொலியைக் கொண்டுவாருங்கள். எங்கள் டிவியில் சத்தம் அரை நிமிடம் தாமதமாகத்தான் வரும்.

நன்றியுடன்,
உங்களுக்கு முன்வரிசையில் உட்கார்ந்து கத்துகிறவள்