கடைசிப் பக்கம் வைத்திருந்தவருக்கு

அன்பான எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு நாள் தூங்கி எழுந்து இந்த மடலை எழுதியிருக்கலாம். மணிக்கட்டு இன்னும் வலிக்கிறது, கண் எரிகிறது. ஆனால் இப்போது எழுதாவிட்டால் மனதில் இருக்கிற ஈரம் காய்ந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்குப் பணம் திரட்ட ஒரு நாள் முழுக்கக் காமிக்ஸ் பற்றி எழுதுவது என்று எதற்காக இறங்கினோம் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மாதங்களை மறுபடி எழுதிப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை வீட்டில் இருக்கிறான், பக்கத்து அறையில் தூங்குகிறான். அது போதும்.

சனிக்கிழமை காலை 6 மணிக்குத் தொடங்கி ஞாயிறு காலை 6 மணி வரை, அரை மணிக்கு ஒன்றாகக் காமிக்ஸ் பற்றி 48 குறிப்புகள். குறிப்புக்கு ஐந்து ரூபாய், ஐம்பது ரூபாய் என்று உங்களால் முடிந்ததைச் சொன்னீர்கள், சொன்னபடி அனுப்பினீர்கள். பணம் திங்கட்கிழமையே வார்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. ரசீது என் கையில் இருக்கிறது.

எதற்குச் செலவாகும் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மருந்துக்கும் சிகிச்சைக்கும் அரசு ஆஸ்பத்திரியும் காப்பீட்டுத் திட்டமும் பெருமளவு கைகொடுக்கின்றன. பஸ்ஸுக்கு யார் கொடுப்பார்கள்? குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் அதிகம் காணப்படும் வகைக்குச் சிகிச்சை இரண்டிலிருந்து மூன்று ஆண்டுகள் ஓடும். அத்தனை காலமும் அம்மாவோ அப்பாவோ கூலியை விட்டுவிட்டு ஊருக்கும் வார்டுக்கும் அலைய வேண்டும். கையில் காசில்லாமல் பாதியில் சிகிச்சையை நிறுத்திவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அப்படி ஒரு படுக்கை காலியானதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் தந்த பணம் அந்தப் பஸ் டிக்கெட்டுக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்கும்தான் போகிறது.

அப்புறம், ஏன் காமிக்ஸ்? இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையின் கையில் ஊசிக் குழாயைச் செருகிக் கட்டுப் போட்டிருந்த நாட்களில் அவனுக்கு நான் வாசித்துக் காட்டியது இரும்புக்கை மாயாவி. மின்சாரம் பாய்ந்தால் மாயாவியின் உடம்பு மறைந்துவிடும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். மறுநாள் காலை போர்வையை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு, கட்டுப் போட்ட கையை மட்டும் வெளியே நீட்டி, "நான் எங்க இருக்கேன்னு கண்டுபிடிங்க" என்றான். பக்கத்துப் படுக்கைப் பெண் குழந்தையும் அப்படியே செய்தாள். அன்று அந்த வரிசையில் ஐந்தாறு கைகள் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஊசி போட வந்த சிஸ்டர் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு, "எந்த மாயாவிக்கு முதல்ல?" என்று கேட்டார். நான் முதல் குறிப்பை எழுதத் தொடங்கியது உண்மையில் அந்தக் காலையில்தான்.

சனிக்கிழமை பகலெல்லாம் கை தானாக ஓடியது. மாயாவி 1962-இல் இங்கிலாந்தில் 'வேலியண்ட்' இதழில் வந்தவர், அவரை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர். ஆனால் 1972-இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் அவரையே முதல் புத்தகமாகப் போட்ட பிறகு அவர் நம்மவர் ஆகிவிட்டார். அடுத்து ஸ்பைடர் (ஸ்பைடர்மேன் இல்லை, இவர் வேறு). அந்தக் குற்றச் சக்கரவர்த்தியின் கதைகளில் பலவற்றை எழுதியவர், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் என்று எழுதியபோது எத்தனை பேர் ஆச்சரியப்பட்டு எழுதினீர்கள்! லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் ஒரே 1984-இல் பிறந்ததைப் பற்றி, சாகச நாயகி மாடஸ்டியைப் பற்றி, லக்கி லூக்கின் குதிரை ஜாலி ஜம்பரைப் பற்றி, 'மின்னும் மரணம்' என்ற கௌபாய் கதைக்காக நாம் காத்திருந்த காலத்தைப் பற்றியெல்லாம் எழுதினேன். கௌபாய் நாயகன் டெக்ஸ் வில்லர் இத்தாலியில் பிறந்தது 1958 என்று நான் எழுதிவிட, இரண்டே நிமிடத்தில் "1948" என்று நான்கு பேர் திருத்தினீர்கள். அந்த நான்கு பேருக்கும் தனி நன்றி. இரவுக் கழுகார் என்று நாம் அழைக்கும் டெக்ஸுக்குப் பத்து வயது குறைத்ததை நீங்கள் பொறுக்கவில்லை என்பதே எனக்குச் சந்தோஷம்.

நடு இரவு தாண்டியதும்தான் தடுமாறினேன். ஒரு மணிக்கு மேல் எழுத்துகள் மிதந்தன. இரண்டரை மணிக் குறிப்புக்கு எடுத்து வைத்திருந்த புத்தகம் பற்றி ஒரு வரிகூட வரவில்லை. அதனால் வேறு எதையோ எழுதினேன். என் குழந்தைப் பருவத்தில் எங்கள் தெருவில் இருந்த வாடகை நூல் நிலையத்தைப் பற்றி. ஒரு நாளுக்கு நாலணா. அங்கே இருந்த, ஜானி நீரோ என்ற சாகச நாயகனின் காமிக்ஸ் கதை ஒன்றை நானும் அண்ணனும் எத்தனை முறை வாடகைக்கு எடுத்தோம் என்று கணக்கே இல்லை. அதில் கடைசிப் பக்கம் கிடையாது. எங்களுக்கு முன்னால் யாரோ கிழித்துவிட்டார்கள். ஜானி நீரோவும் ஸ்டெல்லாவும் மாட்டிக்கொண்டு நிற்பதோடு கதை நின்றுவிடும். அண்ணன் தினம் ஒரு முடிவு சொல்வான். கடையை மூடியபோது கடைக்காரர் அந்தப் புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டார். இன்றும் என்னிடம் இருக்கிறது. அண்ணன் இல்லை. முடிவு தெரியாமலே இருவரும் வளர்ந்தோம், அவன் தெரியாமலே போய்விட்டான் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

அதைக் குறிப்பு என்று சொல்ல முடியுமா என்று எனக்குச் சந்தேகம். தூக்கக் கலக்கத்தில் வந்த அழுகை அது.

2.50-க்கு அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. யாரோ அனுப்பி வைத்ததைப் படித்திருக்கிறார். "அக்கா, பணம் போட இந்த மாசம் வழியில்ல. ஆனா அந்தக் கடைசிப் பக்கம் எங்கிட்ட இருக்கு. கொஞ்சம் பொறுங்க." அவ்வளவுதான். நான் நம்பவில்லை. நம்புகிற நிலையிலும் இல்லை. மூன்று மணிக் குறிப்பை எழுதினேன், மூன்றரைக் குறிப்பையும் எழுதினேன்.

3.40-க்கு ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் மில் இயந்திரங்கள் ஓடுகிற சத்தம். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார். "கேட் லைட்டு மங்கல் அக்கா, போட்டோ எடுத்தா கருப்பா விழுது. வாசிச்சே காட்டிடுறேன்." அப்புறம் வாசித்தார். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று ஒவ்வொன்றாக. யார் எங்கே நிற்கிறார்கள், யார் கையில் துப்பாக்கி, வானம் எந்தப் பக்கம் கருப்பாக இருக்கிறது, ஸ்டெல்லாவின் முகம் எப்படி இருக்கிறது. வசனத்தை வேறு குரலில் சொன்னார். 'டுமீல்' என்று வருகிற இடத்தில் மெதுவாகத்தான் சொன்னார், பக்கத்தில் யாரோ தூங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும். 'முற்றும்' என்பதையும் வாசித்தார்.

முடிவு என்ன என்று இங்கே எழுதப்போவதில்லை. அண்ணன் சொன்ன முடிவுகளில் ஒன்றுகூட அது இல்லை.

பதிவு அங்கே முடியவில்லை. கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னார்: "அக்கா, இது நடுவுல பின் அடிச்ச புக்கு. கடைசிப் பக்கமும் முதல் பக்கமும் ஒரே தாளு. கடைசி போச்சுன்னா முதலும் போயிருக்கும்ல? உங்ககிட்ட அதுவும் இருக்காது. அதையும் வாசிக்கட்டுமா?"

நான் அலமாரியைத் திறந்து அந்தப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆமாம், மூன்றாம் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. இத்தனை ஆண்டுகளாகக் கடைசிப் பக்கம் இல்லை என்ற ஒன்றையே நினைத்து நினைத்து, முதல் பக்கமும் இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. என்னிடம் இல்லாததை, என்னைப் பார்த்திராத ஒருவர், இருட்டில் நின்றுகொண்டு கண்டுபிடித்திருக்கிறார். "வாசிங்க தம்பி" என்று எழுதி அனுப்பினேன். அடுத்த பதிவு நான்கு மணிக்கு வந்தது. அதைக் கேட்டுக்கொண்டே மிச்சக் குறிப்புகளை எழுதி முடித்தேன். தூக்கம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அவருக்கு ஏன் மூச்சு வாங்கியது என்பது நேற்றுதான் தெரிந்தது. என் குறிப்பை அவருக்கு அனுப்பியவரே சொன்னார். ராஜபாளையம் பக்கம் ஒரு நூல் மில்லில் இரவுக் காவல் வேலை. புத்தகம் வீட்டில் இருந்திருக்கிறது. கேட்டில் கூட இருந்தவரிடம் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், பரணில் இருந்த பெட்டியை இறக்கி, தேடி எடுத்து, திரும்பி வந்து வாசித்திருக்கிறார். அந்த நேரத்தில் பெட்டியை இறக்கியதற்கு வீட்டில் திட்டு விழுந்ததாம். இதில் எதையும் அவர் என்னிடம் சொல்லவில்லை. பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை.

தம்பி, பணம் போட வழியில்லை என்று அன்று மன்னிப்புக் கேட்கிற மாதிரி எழுதினீர்கள். அதை இனி யாரிடமும் அப்படிச் சொல்லாதீர்கள். உங்கள் பதிவு வந்த பிறகுதான் நான் 48-ஐ எட்டினேன். கடைசி நான்கு குறிப்புகளுக்கு வந்த பணம் உங்கள் கணக்கில் வந்ததாகவே நான் வைத்திருக்கிறேன்.

மற்ற எல்லோருக்கும் ஒன்றாகச் சேர்த்து நன்றி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வேப்பிலை வைத்துப் பாதுகாத்த தொகுப்புகளை மஞ்சள் பையில் போட்டு, "பத்திரம்" என்று ஒரே சொல்லோடு கொடுத்தவர்களே, உங்கள் புத்தகங்கள் ஒரு மடிப்பும் விழாமல் இந்த வாரம் வந்து சேரும். இரண்டு மணிக்கு ஒருமுறை காப்பி கொண்டுவந்த மாடி வீட்டு அக்கா, வரவு செலவைப் பைசா விடாமல் எழுதிய சித்தப்பா, உண்டியலை உடைத்து நூற்றுப் பன்னிரண்டு ரூபாயை எண்ணி அனுப்பிய ஏழாம் வகுப்பு மாணவி, துபாயிலும் யாழ்ப்பாணத்திலும் கண்விழித்து ஒவ்வொரு குறிப்புக்கும் "படித்தேன்" என்று மட்டும் எழுதிக்கொண்டே இருந்தவர்கள். அந்த ஒரு சொல் வராமல் இருந்திருந்தால் இருட்டில் தனியாகப் பேசிக்கொண்டிருப்பது போல இருந்திருக்கும். பணம் தராமல் தட்டணு (ரத்தத்தில் உள்ள பிளேட்லெட்) தானம் செய்ய வரிசையில் வந்து நின்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. தட்டணுக்களை ஐந்து நாட்களுக்கு மேல் பொதுவாக வைத்திருக்க முடியாது என்பதால் வார்டுக்கு எப்போதும் புதிதாக ஆள் வேண்டும். நீங்கள் வந்தீர்கள்.

ஒன்றை மட்டும் உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லி வைக்கிறேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை வார்டுக்குப் போய் வாசித்துக் காட்டுவேன். சிஸ்டரிடம் அனுமதி கேட்டுவிட்டேன், முகக்கவசம் போட்டுக்கொண்டு, கை கழுவிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். கிருமி பயத்தால் பழைய புத்தகங்களை உள்ளே விட மாட்டார்கள், அது சரிதான். அதனால் பழைய கதை என்றால் நான் வெளியே படித்து, கட்டம் கட்டமாக மனதில் வாங்கிக்கொண்டு போய் உள்ளே சொல்வேன். யார் எங்கே நிற்கிறார்கள், வானம் எந்தப் பக்கம் கருப்பு என்பது வரைக்கும். எப்படிச் சொல்வது என்று கற்றுக்கொண்டுவிட்டேன்.

நேற்று மாலை அந்த இரண்டு பதிவுகளையும் கேட்டு, இரண்டு வெள்ளைத் தாள்களில் எழுதி, ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைத்து, பழைய ஜானி நீரோவுக்கு மறுபடி பின் அடித்தேன். பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். "இந்தப் பக்கத்தில மட்டும் ஏன் படமே இல்ல?" என்று கேட்டான். போனை அவன் காதருகே வைத்துப் பதிவை ஓடவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். 'டுமீல்' வந்ததும் சிரித்தான். அப்புறம், "இவர் ஏன் மெதுவா சுடுறார்?" என்றான்.

"பக்கத்தில யாரோ தூங்குறாங்க" என்றேன்.

"சரி, இன்னொரு தடவை போடுங்க" என்றான்.