இரண்டு கிருஷ்ணகிரிகளைப் பிரித்துத் தந்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டு மலைக்கோட்டைகளுக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஒழுங்கான பட்டியல் ஒன்று வேண்டும் என்று தொடங்கிய வேலை இந்த ஆடியில் ஒரு நிலைக்கு வந்திருக்கிறது. பெயர், ஊர், ஆள்கூறு (அட்சரேகை, தீர்க்கரேகை), படம், மேற்கோள் என்று ஐந்தே கட்டங்கள்தான். அவற்றை நிரப்ப எத்தனை பேரின் ஞாயிற்றுக்கிழமைகளைக் கேட்டு வாங்கினேன் என்பது எனக்குத் தெரியும். தனித்தனியே நன்றி சொன்னது போதவில்லை. அதனால் இந்த மடல்.

முதலில் திண்டிவனத்துத் தங்கைக்கு. கிருஷ்ணகிரிக் கோட்டைக் கட்டுரையில் நான் சேர்த்த படம் அந்த ஊரே அல்ல என்று பேச்சுப் பக்கத்தில் எழுதியவர் நீங்கள். செஞ்சிக் கோட்டை இராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை வளைத்துக் கட்டியது. விக்கிப்பீடியாவுக்குப் படங்கள் தரும் பொதுவகத்தில் (Commons) படத்தின் பெயர் 'கிருஷ்ணகிரி' என்றிருந்ததைப் பார்த்து, மாவட்டத் தலைநகரின் மலை என்று நம்பி எடுத்துப் போட்டுவிட்டேன். "மேலே குவிமாடம் வைத்த மண்டபம் தெரிகிறது பாருங்கள் அண்ணா, அது எங்கள் செஞ்சி" என்று ஒரே வரி எழுதினீர்கள். மாதக்கணக்கில் அங்கே தவறான மலை நின்றிருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் யாராவது அதை எடுத்து நோட்டில் ஒட்டியிருப்பார்களோ என்று நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது. தவறைச் சுட்டியதோடு நிற்காமல், இரண்டு கிருஷ்ணகிரிகளுக்கும் தனித்தனிப் பகுப்பு உண்டாக்கி, படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து உரிய இடத்தில் சேர்த்தீர்கள். தேர்வு நேரத்தில் செய்தீர்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

அடுத்து, தருமபுரியில் இருக்கும் ஓய்வுபெற்ற சர்வேயர் ஐயாவுக்கு. பழைய நூல்களில் கிருஷ்ணகிரியின் அட்சரேகை 12 பாகை 32 நிமிடம் என்றிருக்கும். அதை நாங்கள் 12.32 என்று அப்படியே ஏற்றிவிட்டோம். ஒரு பாகைக்கு 60 நிமிடம், ஆகவே 12.53 என்று வரவேண்டும். அந்தச் சின்னப் புள்ளியால் கோட்டை 20 கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே நகர்ந்து தருமபுரி மாவட்டத்தில் போய் விழுந்திருந்தது. ஐயா ஒரு பள்ளி நோட்டில் பென்சிலால் கணக்குப் போட்டு, பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினார். ஒவ்வொரு கோட்டைக்கும் ஒரு பக்கம். ஓரத்தில் மலையடிவாரத்துக்குப் பேருந்து போகுமா, எங்கிருந்து நடக்க வேண்டும் என்ற குறிப்பு. அந்த நோட்டு இல்லாமல் எங்கள் நிலப்படம் ஒரு காசுக்கும் பெறாது.

கிருஷ்ணகிரியில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு என் நன்றி தனி. "கோட்டைன்னு கேட்டா பாதிப் பேரு முழிப்பாங்க சார், சையத் பாஷா மலைன்னு கேளுங்க" என்றார். மலையில் இருக்கும் தர்காவின் பெயரால்தான் ஊர் அந்த மலையை அறிகிறது. கடைக்காரர் சொன்னார் என்று கட்டுரையில் மேற்கோள் காட்ட முடியாது, விதி அப்படி. ஆனால் ஊர்க்காரர்கள் எந்தப் பெயரில் தேடுவார்கள் என்பதை அவரை விட்டால் யார் சொல்வது? அன்றிரவே, அந்தப் பெயரில் தேடினாலும் கோட்டைக் கட்டுரைக்கே போகும்படி ஒரு வழிமாற்று உண்டாக்கினேன். எங்கள் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்த வரி அதுதான்.

கிழக்கிந்தியக் கம்பெனி ஆவணங்களின் எழுத்துக்கூட்டல்களோடு மல்லுக்கட்டிய நூலகர் அம்மாவை மறக்க முடியுமா? 'கிஸ்ட்னகெரி' என்றால் கிருஷ்ணகிரி, 'துரூக்' என்றால் துர்க்கம், அதாவது மலைக்கோட்டை, என்று பிடித்தவர் அவர். செஞ்சிக்கு மட்டும் பாதுஷாபாத், நுஸ்ரத்கட் என்று ஆண்டவர்கள் வைத்த பெயர்கள் வேறு. 1791இல் கம்பெனித் தளபதி கௌடியின் படை இராயக்கோட்டையைப் பிடித்ததையும், அதே ஆண்டு இன்னொரு கம்பெனித் தளபதி மேக்ஸ்வெல்லின் படை கிருஷ்ணகிரி மேல்கோட்டையைப் பிடிக்க முடியாமல் திரும்பியதையும் நாங்கள் ஒன்றாகக் குழப்பியிருந்தோம். இந்தக் கோட்டைகள் இருக்கும் பாராமகால் பகுதி முழுவதும் கம்பெனி கைக்குப் போனது திப்பு சுல்தானோடு செய்த 1792 உடன்படிக்கையால் என்பதைப் பக்க எண்ணோடு எடுத்துக் கொடுத்து அவர்தான் தீர்த்துவைத்தார்.

சங்ககிரி, நாமக்கல், திண்டுக்கல், திருமயம் படங்களைக் கட்டற்ற உரிமத்தில் தந்த நண்பர்களுக்கும், உரை திருத்திய எல்லோருக்கும் நன்றி. சங்ககிரியில் வாயில் வாயிலாக ஏறி, ஒவ்வொன்றையும் உள்ளேயும் வெளியேயும் நின்று எடுத்திருக்கிறீர்கள். சில படங்களில் உங்கள் நிழலும் விழுந்திருக்கிறது. அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

2025 ஜூலையில் மராத்தியர் கோட்டைகள் 12 உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தபோது, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் அதில் இருந்தது. அது நல்லதுதான், மகிழ்ச்சிதான். ஆனால் யாரும் ஏறாத, சுனை தூர்ந்து, மதிலில் ஆலங்கன்று முளைத்துக் கிடக்கும் சின்னத் துர்க்கங்களுக்கும் ஒரு பக்கம் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றவர்கள் நீங்கள். அந்தப் பிடிவாதத்துக்குத்தான் முக்கியமாக இந்த மடலை எழுதினேன்.

தட்டக்கல், மகாராஜகடை கோட்டைகளுக்கு நம்மிடம் இன்னும் நல்ல படம் இல்லை. மழை விட்டதும் தை மாதத்தில் ஏறலாம் என்றிருக்கிறோம். சர்வேயர் ஐயா அடிவாரம் வரை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

மிக்க நன்றியுடன்,
உங்களில் ஒருவன்