ஆபரேட்டர் ரூமிலிருந்து தொடங்கு

அன்பு மகளுக்கு,

நகரத்தின் நடுவில் பூட்டிக் கிடக்கும் அந்தப் பழைய தியேட்டரின் வரலாற்றை எழுதப்போவதாகச் சொன்னாய். நல்ல காரியம். ஆனால் முகப்பைப் படம் எடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடாதே, கண்ணு. முகப்புக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் பெயின்ட் அடித்திருப்பார்கள், பெயரைக்கூட மாற்றியிருப்பார்கள். மாடியில் புரொஜெக்டர் நிற்கும் ஆபரேட்டர் ரூமுக்கு அப்படி யாரும் செலவு செய்வதில்லை. புதிதாக வந்ததை மாட்டுவார்கள், பழையதை மூலையில் போட்டுவிடுவார்கள். நேராக மாடியேறி அங்கே போ.

ஹாலைப் பார்த்த சுவரில் எத்தனை துளைகள் என்று முதலில் எண்ணு. ஒரு புரொஜெக்டருக்கு இரண்டு துளை: வெளிச்சம் போக ஒன்று, ஆபரேட்டர் எட்டிப் பார்க்க ஒன்று. நான்கு இருந்தால் இரண்டு மெஷின் ஓடிய தியேட்டர். கூடுதலாக ஒன்று தென்பட்டால் ஸ்லைடுக்கோ மேடை விளக்குக்கோ வைத்ததாக இருக்கலாம். செங்கல் வைத்து அடைத்த துளையையும் விடாதே, தரையிலிருந்து அதன் உயரத்தை அளந்து குறித்துக்கொள். திரையோ மெஷினோ இடம் மாறியிருக்கிறது என்று பொருள்.

ஏன் இரண்டு மெஷின்? கணக்கு எளிது. 35 எம்.எம். படச்சுருளில் ஓர் அடிக்கு 16 பிரேம், அதாவது 16 தனித்தனிப் படம், வினாடிக்கு 24 ஓட வேண்டும். நிமிடத்துக்கு 90 அடி. 2000 அடி ரீல் ஒன்று சுமார் 22 நிமிடத்தில் தீர்ந்துவிடும். இரண்டரை மணி நேரப் படம் 13,500 அடி, அதாவது ஏழு ரீல். ஒரு ரீல் முடியும் தறுவாயில் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். சுமார் ஏழு வினாடி கழித்து இரண்டாவது புள்ளி. அப்போது வெளிச்சத்தை மாற்ற வேண்டும். அதைத் தவறவிட்டால் திரை வெளுத்துப்போகும், கீழேயிருந்து விசில் பறக்கும். பிற்காலத்தில் முழுப் படத்தையும் ஒட்டிப் பெரிய தட்டில் படுக்கவைத்து ஓட்டும் முறை வந்தது. அந்தத் தட்டு நின்ற இடம் தரையில் தெரிந்தால், இரண்டாவது மெஷினுக்கு வேலை போய்விட்டது என்று எழுதலாம்.

துளைகளின் மேல் இரும்புத் தகடு தொங்குகிறதா பார். சங்கிலியின் நடுவே சீக்கிரம் உருகும் உலோகத் துண்டு ஒன்று இருக்கும். தீப்பிடித்தால் அது உருகித் தகடு விழுந்து துளையை மூடிவிடும். 1950களின் தொடக்கம் வரை படச்சுருள் நைட்ரேட்டால் ஆனது. தண்ணீரில் முக்கினாலும் எரிந்துகொண்டேயிருக்கும் சரக்கு அது. ஆனால் தகடு இருக்கிறது என்பதற்காகக் கட்டடம் 1950க்கு முந்தியது என்று எழுதிவிடாதே. சுருள் மாறிய பிறகும் கட்டட விதிகள் உடனே மாறிவிடவில்லை.

அடுத்து கூரையைப் பார். மெஷின் நின்ற இடத்துக்கு நேர் மேலே புகைக்குழாய் போயிருந்தால் கார்பன் விளக்கு எரிந்த தியேட்டராக இருக்கலாம். இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவே பொறி எரியும். பாசிட்டிவ் குச்சி சீக்கிரம் தேயும். இடைவெளி கூடினால் வெளிச்சம் துடிக்கும், அணைந்தும் போகும். பிறகு செனான் வாயு அடைத்த பல்பு வந்தது. சூட்டை வெளியேற்ற அதே குழாயையே அதற்கும் வைத்துக்கொண்டவர்கள் உண்டு, அதனால் குழாயை மட்டும் நம்பாமல் கார்பன் துண்டு கிடக்கிறதா என்று தேடு. விளக்குப் பெட்டிக்குள் பழைய செனான் பல்பு இருந்தால் மட்டும் கை வைக்காதே: ஆறிக் கிடக்கும்போதும் அதற்குள் அழுத்தம் அதிகம், வெடித்தால் கண்ணாடி முகத்தில் பாயும்.

ஒலி பற்றி ஒரே ஒரு விஷயம். ஒவ்வொரு பிரேமுக்கான ஒலியும் சுருளில் 20 பிரேம் முன்னால் பதிந்திருக்கும், ஏனென்றால் ஒலியைப் படிக்கும் இடம் படம் நிற்கும் இடத்துக்குக் கீழே இருக்கிறது. இடையில் சுருளைத் தளர்வாக விடும் வளையம் நான்கைந்து பிரேம் பிசகினாலே உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். பழைய ரசிகர்கள் “அந்தத் தியேட்டரில் சவுண்டு சரியிருக்காது” என்று சொன்னால் ஸ்பீக்கரை மட்டும் குறை சொல்லி எழுதாதே.

இனி கீழே இறங்கித் திரைக்குப் பின்னால் போ. அங்கேதான் பெரிய சாட்சி இருக்கும். பேசும் படத்துக்கு முந்தைய ஹாலில் திரைக்கு முன்னால் இசைக்குழு உட்காரப் பள்ளம் இருக்கலாம். 1953-இல் சினிமாஸ்கோப் என்ற அகலத்திரை முறை வந்ததும் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அகலமான திரை தேவைப்பட்டது. மேடை வளைவு அதற்கு இடம் தராத ஹாலில் வளைவுக்கு முன்னாலேயே திரையை மாட்டப் புதுச் சட்டத்தை நிறுத்தினார்கள். பழைய சட்டம் பின்சுவரில் அப்படியே நிற்கும். இரண்டையும் டேப் வைத்து அள. பழையதன் அகலத்தை உயரத்தால் வகுத்தால் 1.37 அளவில் வந்தால், அகலத்திரைக்கு முந்தைய திரை. முன்வரிசை நாற்காலிகள் போன இடத்தில் போல்ட் துளைகள் மிச்சமிருக்கும். அவற்றை எண்ணி, உரிமப் பதிவில் எழுதிய இருக்கை எண்ணோடு ஒத்துப் பார். ஒத்துவராத வருடம்தான் மாற்றம் நடந்த வருடத்துக்குப் பக்கத்தில் இருக்கும்; அந்த வருடப் பத்திரிகை விளம்பரங்களைத் தினம் தினமாகப் புரட்டு. விளம்பரம் சில வாரம் நின்றுபோன இடம் கிடைத்தால், வேலை நடந்தது அப்போதுதானா என்று விசாரி.

டிஜிட்டல் காலத்தை நீயே எழுதிவிடுவாய். 2005-இல் டிஜிட்டலில் படம் காட்டுவதற்கான விதிமுறை வந்தது, பிறகு ரீல் பெட்டிக்குப் பதில் ஹார்டு டிஸ்க்கும் அதைத் திறக்கும் கால வரம்புள்ள டிஜிட்டல் சாவியும் வந்தன. நேரம் தாண்டினால் படம் ஓடாது.

டார்ச், முகக்கவசம், இருபது மீட்டர் டேப் எடுத்துக்கொள். சுவரிலும் குழாயிலும் நார்போல உரியும் பூச்சைச் சுரண்டாதே, ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுருள் ஏதும் கிடைத்து, காடி வாசனை அடித்தால் அது நைட்ரேட்டுக்குப் பிறகு வந்த அசிடேட் சுருள். கெட்டுக்கொண்டிருக்கிறது, தனியாக வை. ஓரத்தில் ‘சேஃப்டி’ என்று அச்சில்லாமல், பிசுபிசுத்து, பழுப்புப் பொடியாக உதிர்கிறதென்றால் அது நைட்ரேட்டாக இருக்கலாம், கொளுத்திப் பார்த்துச் சோதிக்காதே. டப்பாவை மூடி வெயில் படாமல் வைத்துவிட்டு, வெளியே வந்து தீயணைப்புத் துறையைக் கூப்பிடு.

அன்புடன்,
அப்பா