ஆம்புலன்ஸ் வரும்வரை ஐஸ் தண்ணீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோடைப் பயிற்சி முகாம்கள் பற்றிய உங்கள் கட்டுரையில் ஷூ, ஜெர்சி, முட்டை, பால் எல்லாம் வந்திருந்தன. வெயிலில் ஒரு பிள்ளை சுருண்டு விழுந்தால் என்ன செய்வது என்பது மட்டும் வரவில்லை. முப்பது வருடம் பி.டி. மாஸ்டராக இருந்தவன் நான், அதனால் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த பள்ளியில் ஒரு மே மாதம், 1500 மீட்டர் ஓடிக்கொண்டிருந்த பையன் தள்ளாடினான். "இன்னும் ஒரு சுத்துதான், முடிச்சிரு" என்று கத்தினேன். விழுந்துவிட்டான். கை கால் இழுத்ததும் வலிப்பு என்று நினைத்துக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம். உடம்பு அனலாய்க் கொதித்தது. வியர்வை கொட்டியதால், உடல் வெப்பம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும் ஹீட் ஸ்ட்ரோக்காக இருக்காது என்று நானே முடிவு செய்தேன். பையன் பிழைத்துவிட்டான். ஆனால் நாங்கள் செய்த எதனாலும் அல்ல.

ஓடி ஆடுகிறவர்களுக்கு வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம் என்பதை நான் பிற்பாடுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். உளறல், தள்ளாட்டம், காரணமில்லாத கோபம், இவற்றைத்தான் கவனிக்க வேண்டும். அப்போது உடல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். அரை மணி நேரத்துக்குள் அதை இறக்கியாக வேண்டும். அமெரிக்காவின் ஃபால்மவுத் சாலை ஓட்டத்தில் 18 ஆண்டுகளில் இப்படி விழுந்த 274 பேருக்கு ஐஸ் தண்ணீர்த் தொட்டிதான் சிகிச்சை. ஒருவர்கூட இறக்கவில்லை.

அதே அமெரிக்காவில், 2018 மே 29 அன்று, மேரிலாந்து பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் வீரர் ஜோர்டன் மெக்நேர் பயிற்சி ஓட்டத்தில் துவண்டார். வயது 19. ஆம்புலன்ஸ் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்ப ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆள் பெரிய உருவம், தொட்டியில் மூழ்கிவிடுவாரோ என்று பயந்து ஐஸ் தண்ணீரில் இறக்கவே இல்லை. ஜூன் 13-ல் இறந்துபோனார். சட்டப்படியும் தார்மீகமாகவும் பொறுப்பு எங்களுடையது என்று பல்கலைக்கழகத் தலைவரே ஒப்புக்கொண்டார். 2021-ல் குடும்பத்துக்கு 35 லட்சம் டாலர் தர உடன்பாடு ஆனது.

நம் ஊரில் "என்ன நடந்தாலும் நிர்வாகம் பொறுப்பல்ல" என்று பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். அந்தத் தாளை நம்பி யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். அலட்சியத்தால் உயிர் போனால் நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு.

சட்டத்தை விட எனக்கு உறுத்துவது வேறு. பதக்கம் வேண்டும் என்று நினைக்கிற ஆளிடமே "போதும், நிறுத்து" என்று சொல்லும் அதிகாரமும் இருக்கிறது. அன்று நான்தான் அந்த ஆள். ஒவ்வொரு முகாமிலும் கோச்சுக்குக் கட்டுப்படாத ஒருவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுக்க வேண்டும். அவர் நிறுத்து என்றால் மறுபேச்சு கூடாது.

தொட்டி வாங்கக் காசில்லை என்பார்கள். சரி, ஒரு தார்ப்பாய் போதும். நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. ஐஸ் கட்டி மீன் மார்க்கெட்டில் கிடைக்கும், பயிற்சி தொடங்கும் முன்பே வாங்கி வைத்துவிட வேண்டும். பிள்ளையின் அக்குளில் துண்டைக் கொடுத்து, தலை தண்ணீருக்கு மேலே இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். அதே நேரத்தில் இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும்.

முகாம்கள் தொடங்குவதற்கு முன் இதை வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
கோவில்பட்டி.